மூன்றரை நட்சத்திரமும் 93 சதவீதமும் ஒரே படத்துக்கு எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். சினிமா மதிப்பீட்டுத் தளங்கள் மூன்று, ஒரே படத்துக்கு மூன்று எண்: ஐஎம்டிபியில் 7.1, லெட்டர்பாக்ஸ்டில் மூன்றரை நட்சத்திரம், ராட்டன் டொமேட்டோஸில் 93 சதவீதம். இதில் எதை நம்புவது என்பது முதல் கேள்வி. நாற்பது பேர் கொண்ட உங்கள் கல்லூரித் திரைப்பட மன்றம் இந்த ஆண்டு திரையிட்ட ஐம்பது படங்களில் சிறந்தவற்றைப் பட்டியலிட வேண்டும்; அதற்கு ஆளாளுக்கு நட்சத்திரம் போடச் சொல்வதா, வரிசைப்படுத்தித் தரச் சொல்வதா என்பது இரண்டாவது. இரண்டு கேள்விக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: ரசனையை எண்ணாக மாற்றும்போது தப்பு எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது? நான் புள்ளியியல் படித்தவன். பதினோரு ஆண்டுகள் ஓர் ஓடிடி நிறுவனத்தில் ரேட்டிங் தரவோடு மல்லுக்கட்டினேன். சினிமா விமர்சகன் அல்ல. ஒரு படம் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை. அதனால் எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில், உங்கள் மூன்று எண்களில் இரண்டுக்குள் சண்டையே இல்லை. பத்துக்கு 7.1 என்பதும் ஐந்துக்கு மூன்றரை என்பதும் கிட்டத்தட்ட ஒரே பேச்சு. துருத்திக்கொண்டு நிற்பது அந்த 93தான். அது மதிப்பெண் அல்ல, தலை எண்ணிக்கை. 1998இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ், ஒவ்வொரு விமர்சனத்தையும் சாதகம், பாதகம் என்று இரண்டே கூடையில் போடுகிறது. நூறு விமர்சகர்களில் சாதகக் கூடையில் எத்தனை பேர் என்பதுதான் சதவீதம். 60ஐத் தொட்டால் சிவப்புத் தக்காளி, தொடாவிட்டால் பச்சைக் கறை. இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். பத்து விமர்சகர்களும் ‘பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்’ என்று ஐந்துக்கு மூன்று கொடுத்த படம் 100 சதவீதம் வாங்கும். ஏழு பேர் கொண்டாடி ஐந்துக்கு ஐந்து கொடுத்து, மூன்று பேர் எழுந்து வெளியே வந்த படம் 70 சதவீதம்தான் வாங்கும். இரண்டாவது படம் சினிமா வரலாற்றில் இடம்பிடிக்கலாம். முதலாவதை அடுத்த பொங்கலுக்குள் மறந்துவிடுவோம். அந்த எண் பொய் சொல்லவில்லை. ‘எத்தனை பேருக்குப் பழுதில்லை?’ என்ற கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறது. நாம்தான் அதை ‘எவ்வளவு நல்ல படம்?’ என்ற கேள்விக்கான பதிலாகப் படிக்கிறோம். விமர்சகர்கள் தந்த மதிப்பெண்ணின் சராசரியும் அதே தளத்தில் உண்டு. அதைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்த வாசல், அளவுகோல். நியூயார்க்கின் டெய்லி நியூஸ் நாளிதழில் ஐரீன் தைரர் 1928இல் படங்களுக்கு நட்சத்திரம் போட ஆரம்பித்ததிலிருந்து இந்தத் தொல்லை இருக்கிறது. ஒரு நட்சத்திரம் என்றால் எவ்வளவு என்பதற்குப் படிக்கல் கிடையாது. நமக்கு இதைப் புரியவைக்க ஆனந்த விகடன் மார்க் போதும். நூற்றுக்கு 42 என்றால் ‘நல்ல படம், தைரியமாகப் போகலாம்’ என்று விகடன் படித்து வளர்ந்தவருக்குத் தெரியும். 1977இல் ‘16 வயதினிலே’ வாங்கிய 62.5 இன்றுவரை ஒரு சாதனையாகப் பேசப்படுகிறது. அதே 42ஐ வெளிநாட்டு நண்பரிடம் காட்டுங்கள், படம் படுதோல்வி என்று நினைப்பார். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்ற பள்ளிக்கூடத்தில் படித்த நாமே ‘தட்டுத்தடுமாறி பாஸாகியிருக்கிறது’ என்றுதான் நினைத்திருப்போம். விகடனின் 42 சரியாக வேலை செய்ததற்குக் காரணம், போடுகிற கை ஒன்றாக இருந்தது. படிக்கிறவர்களுக்கு அந்தக் கையின் பழக்கம் தெரிந்திருந்தது. இணையத்தில் லட்சம் கைகள். ஒருவர் பிடிக்காத படத்துக்கும் நான்கு போடுவார்; இன்னொருவர் தன் உயிரான படத்துக்கே மூன்றரைக்கு மேல் போட மனம் வராதவர். இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது என்ன எண் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது வெறும் தத்துவக் கவலை அல்ல. நெட்ஃபிளிக்ஸ் 2006இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்து, பத்துக் கோடிக்கு மேற்பட்ட நட்சத்திர மதிப்பீடுகளை ஆய்வாளர்களிடம் கொடுத்தது. யார் எந்தப் படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்ற தன் கணிப்பைப் பத்து சதவீதம் மேம்படுத்துபவருக்குப் பரிசு. 2009இல் ஓர் அணி வென்றது. அந்தப் போட்டியில் இறங்கியவர்கள் முதலில் செய்த வேலை, ரசனையை ஆராய்வது அல்ல. ‘இவர் தாராளக் கை, இவர் கஞ்சன், இந்தப் படத்துக்கு எல்லாரும் கொஞ்சம் கூடவே போடுவார்கள்’ என்ற சாய்வுகளைக் கழிப்பதுதான். கணிப்பில் பெரும் பங்கு அதிலேயே அடங்கிவிட்டது. அதே தரவில் இன்னொரு விநோதம்: 2004 தொடக்கத்தில் சராசரி மதிப்பெண் திடீரென்று ஒரு படி ஏறியிருந்தது. உலகத்தில் படங்கள் ஒரே மாதத்தில் நல்லவையாக மாறியிருக்க முடியாது. நட்சத்திரங்களுக்குத் திரையில் கொடுத்த விளக்கச் சொற்களை மாற்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சொன்ன ஊகங்களில் ஒன்று. ஏற்றம் நடந்தது உறுதி, காரணம் ஊகம். எனக்கும் அந்த ஊகம்தான் சரியெனப் படுகிறது.

மூன்றாவது வாசல் எண்ணிக்கை. 2021 நவம்பரில் ‘ஜெய் பீம்’ ஐஎம்டிபியில் 9.6 தொட்டபோது, பல ஆண்டுகளாக 9.3இல் நிற்கும் ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’ படத்தைத் தமிழ்ப்படம் முந்திவிட்டது என்று செய்தி பறந்தது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அப்போது ஒன்றுக்கு ஐம்பதாயிரம் சொச்சம் வாக்கு, இன்னொன்றுக்கு இருபத்து நான்கு லட்சம். ஐஎம்டிபி தன் முதல் 250 பட்டியலுக்கு ஒருகாலத்தில் வெளியிட்டிருந்த சூத்திரம் இந்த இடத்துக்காகவே செய்யப்பட்டது. ஒவ்வொரு படத்துக்கும் 25,000 கற்பனை வாக்குகளை, எல்லாப் படங்களின் பொதுச் சராசரியான சுமார் 7 என்ற மதிப்பில், முன்கூட்டியே போட்டுவிட வேண்டும். பிறகு சராசரி பார்க்க வேண்டும். 53,000 பேர் கொடுத்த 9.6 இந்தக் கணக்கில் ஏறத்தாழ 8.8 ஆக இறங்கும். இருபத்து நான்கு லட்சம் பேர் கொடுத்த 9.3 அசையவே அசையாது. இது தமிழ்ப்படத்துக்குச் செய்த துரோகம் இல்லை. ‘இன்னும் கொஞ்சம் பேர் பார்க்கட்டும், பிறகு நம்புகிறேன்’ என்று ஒரு நிதானமான ஆள் சொல்வதைத்தான் கணக்கு சொல்கிறது.

நான்காவது வாசல்தான் மற்றவற்றைவிட அகலமானது: யார் வாக்குப் போட வந்தார்கள், எப்போது வந்தார்கள். என் சொந்த அவமானம் ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு தொடரின் ரேட்டிங் ஐந்துக்கு 4.6 என்று காட்டி, அடுத்த சீசனுக்குப் பணம் ஒதுக்கலாம் என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் ஓர் இளம் சக ஊழியர் கேட்டார்: “சார், ரேட்டிங் கேட்கிற பெட்டி கடைசி எபிசோட் முடிந்த பிறகுதானே திரையில் வருகிறது?” ஆமாம். முதல் இரண்டு எபிசோடிலேயே ஓடிப்போனவர்களிடம் நாங்கள் கேட்கவே இல்லை. கல்யாண வீட்டில் இரண்டாம் பந்தி வரை உட்கார்ந்து பாயசம் வாங்கிக் குடித்தவர்களிடம் மட்டும் ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறோம். படங்களுக்கும் இதுவேதான். முதல் நாள் முதல் காட்சிக்குப் போகிறவர் நடுநிலையான பார்வையாளர் அல்ல. ரசிகர் பத்துக்குப் பத்து போடுவார், எதிர் நடிகரின் ரசிகர் படம் பார்க்காமலேயே ஒன்று போடுவார், ‘சுமாராக இருந்தது’ என்று நினைத்தவர் எதுவும் போடாமல் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடுவார். அதனால்தான் இணைய மதிப்பீடுகளின் வரைபடம் பெரும்பாலும் உச்சியில் ஒரு மலையும் அடியில் ஒரு மேடுமாக, நடுவில் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தின் நடுவில்தான் சராசரி போய் விழுகிறது: யாருமே சொல்லாத ஒரு கருத்து.

முன்னால் போட்டவரைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் போடுவதும் உண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்றில், ஒரு செய்தித் தளத்தின் பின்னூட்டங்களுக்கு, சீட்டுக் குலுக்கிய மாதிரி தேர்ந்தெடுத்து, வந்தவுடன் ஒரே ஒரு போலி ஆதரவு வாக்கு போட்டார்கள். அந்த ஒரு வாக்கால் இறுதி மதிப்பு சராசரியாக 25 சதவீதம் கூடியது. எதிர் வாக்கு போட்டபோது அப்படிச் சரியவில்லை. மற்றவர்கள் வந்து தூக்கிவிட்டார்கள். 2006இல் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு பதினான்காயிரம் பேரிடம் 48 பாடல்களைக் கொடுத்து, எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பதைக் காட்டியும் மறைத்தும் பார்த்தது. அறவே மோசமான பாடல் மேலே வரவில்லை, மிக நல்லது கீழே போகவில்லை. நடுவில் இருந்தவை எங்கு வேண்டுமானாலும் போய் நின்றன. பட்டியல்களின் உச்சியையும் அடியையும் நம்பலாம், நடுவை நம்பாதீர்கள் என்று நான் நண்பர்களிடம் சொல்வது இதை வைத்துத்தான். பாடலுக்குப் பொருந்துவது படத்துக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. நிரூபணம் என்று அதை நான் நீட்ட மாட்டேன்.

தளங்களுக்கு இது தெரியாமல் இல்லை. 2019இல் ராட்டன் டொமேட்டோஸ், டிக்கெட் வாங்கியது உறுதியான பார்வையாளர்களின் மதிப்பீட்டைத் தனியாகப் பிரித்தது. படம் வரும் முன்பே ‘பார்க்க ஆசை’ சதவீதம் காட்டுவதையும் நிறுத்தியது. விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளம் 2020இல், ஒரு வீடியோ கேம் வெளியான சில மணி நேரத்திலேயே விளையாடி முடித்திருக்க வாய்ப்பில்லாதவர்கள் பூஜ்யமாகக் குவித்ததைப் பார்த்த பிறகு, முதல் 36 மணி நேரத்துக்கு வாசகர் மதிப்பீட்டைத் திறக்காமல் வைத்தது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் ஒவ்வொரு விமர்சனத்தின் பக்கத்திலும் அந்த ஆள் எத்தனை மணி நேரம் விளையாடினார் என்று போடுகிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். இரண்டு மணி நேரம் ஆடியவரின் கோபத்தையும் முந்நூறு மணி நேரம் ஆடியவரின் கோபத்தையும் நாமே எடைபோட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் 2024 இறுதியில் தயாரிப்பாளர் தரப்பு, வெளியான முதல் மூன்று நாட்களுக்கு இணைய விமர்சனமே வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை. முதல் மூன்று நாள் எண்கள் ஆட்டம் காண்பவை என்பது உண்மை. அதற்காக எழுதுகிறவன் வாயை மூடுவது எப்படி மருந்தாகும் என்று எனக்கு விளங்கவில்லை. எண்ணைத் தாமதமாகக் காட்டலாம், எழுத்தைத் தடுக்க வேண்டியதில்லை.

நட்சத்திரத்தைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரல் மட்டும் வைத்தால் தீருமா? யூடியூப் 2009இல் தன் தரவைப் பார்த்தபோது, போட்ட மதிப்பீடுகளில் பெரும்பான்மை ஐந்து நட்சத்திரம். எஞ்சியதில் கவனிக்கத்தக்கது ஒரு நட்சத்திரம். நடு மூன்றையும் தொட்டவர்கள் மிகக் குறைவு. அடுத்த ஆண்டே லைக், டிஸ்லைக் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2017இல் அதே பாதையில் போனது. சோதனையில் மதிப்பீடு போடுகிறவர்களின் எண்ணிக்கை இருநூறு சதவீதம் கூடியதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன இன்னொரு காரணம் எனக்கு அனுபவத்தில் தெரிந்தது: மக்கள் ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு, இரவு பதினொன்றுக்கு நகைச்சுவைப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். நட்சத்திரம் போடும்போது நாம் எல்லாரும் கொஞ்சம் வேட்டியைச் சரிசெய்துகொள்கிறோம். கட்டைவிரல் அந்த வேடத்தைக் குறைக்கிறது. கூடவே ‘பிடித்தது’ என்பதற்கும் ‘உயிரையே உலுக்கியது’ என்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் அழித்துவிடுகிறது. 2022இல் நெட்ஃபிளிக்ஸ் இரட்டைக் கட்டைவிரலைச் சேர்த்தது அதை ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

இனி வரிசைப்படுத்தல். அதன் பெரிய நன்மை, கஞ்சனும் வள்ளலும் சமமாகிவிடுகிறார்கள். முதலிடம் முதலிடம்தான். அதன் குறை, ஆண்டு முழுக்கக் குப்பைப் படங்களே வந்திருந்தாலும் ஒன்று முதலிடத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். எவ்வளவு நல்லது என்று வரிசை சொல்லாது. பிரிட்டிஷ் சினிமா இதழான சைட் அண்ட் சவுண்ட் 1952இலிருந்து பத்து ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பில், விமர்சகர்கள் தலா பத்துப் படம் தருகிறார்கள். அந்தப் பத்துக்குள் மேல் கீழ் பார்ப்பதில்லை. 2012இல் 846 பேர் வாக்களித்தார்கள், 2022இல் 1,639 பேர். புதியவர்களில் பலவகைப்பட்டவர்கள் வந்தார்கள், முதலிடமே மாறியது. படங்கள் மாறவில்லை, அறையில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறினார்கள். ஆஸ்கரின் சிறந்த படத்துக்கு 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து வரிசை வாக்குதான்: கடைசியில் இருப்பதை நீக்கி, அதன் வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி, ஒன்று பாதியைத் தாண்டும்வரை போவார்கள். பலருக்கு இரண்டாம் மூன்றாம் இடத்தில் இருக்கும், யாரும் வெறுக்காத படத்துக்கு இது சாதகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். சீட்டுகளை வெளியிடுவதில்லை என்பதால் உறுதி செய்ய வழியில்லை.

வரிசையில் ஒரு கண்ணி உண்டு. மூன்று பேர், மூன்று படம். முதலாமவர் அ, ஆ, இ என்கிறார். அடுத்தவர் ஆ, இ, அ. மூன்றாமவர் இ, அ, ஆ. இப்போது ‘அ’ இரண்டுக்கு ஒன்று என ‘ஆ’வை வெல்கிறது, ‘ஆ’ அதேபோல ‘இ’யை வெல்கிறது, ‘இ’ அதேபோல ‘அ’வை வெல்கிறது. எது சிறந்தது? பதில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கணித அறிஞர் கொண்டர்சே இதைக் கண்டு திகைத்தார். முறை மோசம் என்பதால் வந்த வினை அல்ல இது. சில நேரம் கூட்டத்துக்கு ஒரே கருத்து என்ற ஒன்று இருப்பதே இல்லை.

உங்கள் மன்றத்துக்கு வருகிறேன். ஐம்பது படத்தையும் வரிசைப்படுத்தித் தா என்று கேட்காதீர்கள்; எட்டாவது இடத்துக்குப் பிறகு எல்லாரும் மனம்போன போக்கில் எழுதுவார்கள். தவிர ஒவ்வொருவரும் ஐம்பதையும் பார்த்திருக்க மாட்டார்கள். என் யோசனை: நட்சத்திரமாக வாங்குங்கள், வரிசையாக எண்ணுங்கள். படம் முடிந்தவுடன், டீக்கடை விவாதம் தொடங்கும் முன், பத்துக்கு ஒரு மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுக்கட்டும். இடையில் எழுந்து போனவர்களிடமும் சீட்டு வாங்கிவிடுங்கள். ஆண்டு முடிவில் படங்களை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வோர் இணையிலும் இரண்டையும் பார்த்தவர்களில் எத்தனை பேர் எதற்குக் கூடப் போட்டார்கள் என்று மட்டும் பாருங்கள்; ஒருவர் சமமாகப் போட்டிருந்தால் இரண்டு படத்துக்கும் அரை அரை. ஐம்பது படத்துக்கு 1,225 இணைகள் வரும். கணினிக்கு அது ஒரு கொட்டாவி நேரம். இதில் ஒருவரின் 6 இன்னொருவரின் 8ஆ என்ற தலைவலியே வராது, ஏனென்றால் அவரவர் அளவுகோல் அவரவரோடு மட்டும் ஒப்பிடப்படுகிறது.

இணைக் கணக்கு சிக்கலாகத் தெரிந்தால் சராசரியே போடுங்கள், ஆனால் கற்பனை வாக்கு சேர்த்துப் போடுங்கள். உங்கள் அளவுக்கு எட்டு போதும் என்று நினைக்கிறேன். இது கைப்பழக்கத்தில் சொல்வது, விதி அல்ல. மன்றத்தின் பொதுச் சராசரி 7 என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் மட்டும் பார்த்து 9.6 கொடுத்த படம் 8.1 ஆகும். 35 பேர் பார்த்து 8.6 கொடுத்த படம் 8.3 ஆகும். மழை நாளில் வந்த ஆறு பேர் பெரும்பாலும் அந்த இயக்குநரின் பக்தர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

எந்த முறையாலும் தீராத ஒன்று இருக்கிறது. யார் எந்தப் படத்துக்கு வருவது என்பதே ரசனையால் முடிவாகிறது. ஈரானியப் படத்துக்கு வந்தவர்கள் ஈரானியப் படம் பிடித்தவர்கள். நாற்பது பேரில் பதினைந்து பேர் வந்த இரண்டு படங்களை ஒப்பிடும்போது, இரண்டையும் பார்த்தவர்கள் ஆறேழு பேர்தான் இருப்பார்கள். அதில் நான்குக்கு மூன்று என்ற வெற்றி காசு சுண்டியதற்குச் சமம். ஆகவே ஒன்று முதல் ஐம்பது வரை எண் போட்டு வெளியிட வேண்டாம். முதல் ஐந்து ஒரு கூட்டம், அடுத்த பத்து ஒரு கூட்டம் எனப் பிரித்து, கூட்டத்துக்குள் அகர வரிசையில் கொடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணும் இருக்கட்டும். எக்செல்லில் ஏற்றும்போது, பார்க்காதவரின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். அதில் யாராவது பூஜ்யம் போட்டுவிட்டால் குறைவான பேர் பார்த்த படங்கள் எல்லாம் சத்தமில்லாமல் அடிக்குப் போய்விடும்; எங்கள் அலுவலகத்தில் அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது.